நிறுத்தச் சொன்னதும் நிறுத்தியதும்: ஓர் ஒவ்வாமைச் சோதனை பலிக்காமல் போன நிகழ்வு

பதினைந்து நிமிடம் முடிந்து டைமர் அடித்தபோது, ஒவ்வாமைக்கான தோல் சோதனைக்கு வந்திருந்த அவர் கையில் ஒன்றுமே இல்லை. முழங்கைக்கும் மணிக்கட்டுக்கும் நடுவே நான் பேனாவால் எழுதிய எண்கள் மட்டும் வரிசையாக இருந்தன. ஒவ்வோர் எண்ணுக்குப் பக்கத்திலும் ஊசி முனை தொட்ட அடையாளம், கடுகளவுகூட இல்லை.

"சிஸ்டர், ஒண்ணுமே வரலையே! அப்போ எனக்கு அலர்ஜியே இல்லையா?" என்று முகம் மலர்ந்து கேட்டார்.

இல்லை என்று சொல்லவும் முடியாது, உண்டு என்று சொல்லவும் முடியாது. கடைசி எண்ணுக்குப் பக்கத்தில் வைத்தது ஹிஸ்டமின், ஒவ்வாமையின்போது உடம்பே சுரக்கும் பொருள். யாருக்கு வைத்தாலும், ஒவ்வாமையே இல்லாத எனக்கு வைத்தாலும், கொசு கடித்தாற்போல் தடித்துச் சுற்றிச் சிவக்க வேண்டிய இடம் அது. அதுவும் தட்டையாக இருந்தது. சோதனை செல்லாது. ஒன்பது வாரம் காத்திருந்து வாங்கிய நாள் அப்படியே வீணானது.

ஒவ்வாமை சிறப்பு மருத்துவர் ஒருவரின் மருத்துவகத்தில் செவிலியாக இருக்கிறேன். நோயாளிக்கு நாள் குறிப்பதில் தொடங்கி, சோதனை முடித்து அனுப்புவது வரை என் பொறுப்பு. இங்கே எழுதுவது எங்களிடம் நடந்தது. அந்த நோயாளியிடம் கேட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன். அவரை அடையாளம் காட்டும் விவரங்களை விட்டுவிட்டேன். தவறு எங்கள் பக்கம் என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எந்த இடத்தில் தவறினோம் என்பதுதான் பேச வேண்டிய விஷயம்.

பின்னணி

நாற்பதைக் கடந்த பெண். பத்து வருடமாகக் காலையில் எழுந்ததும் தொடர் தும்மல், மூக்கடைப்பு. ஆஸ்துமாவும் உண்டு, காலையும் மாலையும் ஸ்டீராய்டு இன்ஹேலர் எடுப்பதால் கட்டுக்குள் இருந்தது. வீட்டில் மகள் வளர்க்கும் பூனை ஒன்று. "பூனையைக் கொடுத்துட்டா சரியாயிடும்" என்று ஆளாளுக்குச் சொல்ல, மகள் அழ, அவர் தன் குடும்ப மருத்துவரிடம் ஒரே ஒரு கேள்வியோடு போயிருக்கிறார்: பூனையால் வருகிறதா, இல்லையா? அங்கிருந்துதான் எங்களிடம் அனுப்பினார்கள்.

பரிந்துரைக் கடிதத்தில் இரண்டே வரி. நாள்பட்ட மூக்கு ஒவ்வாமை, ஆஸ்துமா. தோல் சோதனைக்கு அனுப்புகிறேன். என்னென்ன மருந்து எடுக்கிறார் என்று ஒரு வார்த்தை இல்லை. நாங்களும் திருப்பிக் கேட்கவில்லை.

நாள் உறுதியானதும் எங்கள் வழக்கப்படி இரண்டு பக்கத் தாள் அவருக்குப் போனது. முதல் பக்கம் முழுக்க விதிமுறைகள். பதினைந்து நிமிடம் முன்னதாக வர வேண்டும். வர முடியாவிட்டால் 48 மணி நேரத்துக்கு முன் சொல்ல வேண்டும். தயாராகாமல் வந்தால் அது வராததாகவே கணக்கிடப்படும். இரண்டு முறை அப்படி ஆனால் அனுப்பிய மருத்துவரிடமே கோப்பு திரும்பிப் போகும். இரண்டாம் பக்கத்தில் மூன்றாவது பத்தியில்தான் தயாரிப்பு வருகிறது. அதுவும் ஒரே வாக்கியம்: "சோதனைக்கு 7 நாட்களுக்கு முன்பிருந்து ஒவ்வாமைக்கான மருந்துகள் அனைத்தையும் நிறுத்த வேண்டும்." கீழே பொடி எழுத்தில் மருந்துப் பெயர்கள், எல்லாம் வேதிப்பெயர்கள்.

அந்த வாக்கியத்தை எழுதும்போது எங்கள் மனதில் இருந்தது ஆன்டிஹிஸ்டமின் மாத்திரைகள். செட்ரிசின், லெவோசெட்ரிசின், லோராடடின், ஃபெக்ஸோஃபெனடின் வகையறா. அவர் படித்தபோது அவர் மனதில் வந்தது என்ன என்பது எங்களுக்கு அன்றைக்கு மதியம்தான் தெரிந்தது.

சோதனை எப்படி வேலை செய்கிறது

இதைப் புரிந்துகொண்டால் மற்றதெல்லாம் எளிது. தோலுக்குள் மாஸ்ட் செல்கள் என்ற செல்கள் இருக்கின்றன. ஒரு பொருளுக்கு ஒவ்வாமை உள்ளவருக்கு, அந்தப் பொருளை அடையாளம் காணும் ஐஜிஇ என்ற எதிர்ப்புரதம் அந்தச் செல்களின் மேல் ஒட்டிக்கொண்டிருக்கும். பூனையின் புரதம், தூசி உண்ணியின் புரதம், மகரந்தம் என்று ஒவ்வொன்றின் சாற்றிலும் ஒரு சொட்டைக் கையில் வைத்து, சொட்டின் ஊடாகத் தோலை லேசாகக் குத்துகிறோம். ரத்தம் வராது. உள்ளே போன பொருளை எதிர்ப்புரதம் அடையாளம் கண்டால் மாஸ்ட் செல் ஹிஸ்டமினைக் கொட்டும். ஹிஸ்டமின் ரத்தக் குழாய்களில் உள்ள தன் ஏற்பியில் போய் உட்காரும். நீர் கசிந்து தடிப்பு எழும்பும். 15 முதல் 20 நிமிடத்தில் அளக்கிறோம். உப்புநீர் வைத்த இடத்தைவிட 3 மில்லிமீட்டராவது பெரிதாக இருந்தால் அந்தப் பொருளுக்கு எதிர்வினை உண்டு என்று கொள்கிறோம். 19-ஆம் நூற்றாண்டில் சார்லஸ் பிளாக்லி என்ற ஆங்கிலேய மருத்துவர், தும்மலால் தானே அவதிப்பட்டவர், தன் கையைக் கீறி மகரந்தத்தை வைத்துப் பார்த்து 1873-இல் வெளியிட்டாரே, அடிப்படை அதுதான். ஊசியும் சாறும்தான் இப்போது சீரானவை.

ஆன்டிஹிஸ்டமின் என்ன செய்கிறது? ஹிஸ்டமின் உட்கார வேண்டிய நாற்காலியில் முன்கூட்டியே போய் உட்கார்ந்துகொள்கிறது. மாஸ்ட் செல் கொட்டினாலும் தடிப்பு வராது. ஒவ்வாமை இருக்கும், கையில் தெரியாது. அதனால்தான் எல்லாச் சோதனையிலும் இரண்டு காவல் சொட்டுகள் வைக்கிறோம். வெறும் உப்புநீர் ஒன்று. அது தடிக்கக் கூடாது. தடித்தால் தொட்டாலே தடிக்கும் தோல் என்று அர்த்தம். ஹிஸ்டமின் ஒன்று; அது தடித்தே ஆக வேண்டும். ஹிஸ்டமின் சொட்டு இல்லாமல் சோதனை செய்திருந்தால் அன்று அந்தப் பெண்ணை "உங்களுக்கு எதுவும் இல்லை" என்று சொல்லி அனுப்பியிருப்போம்.

அன்று நடந்தது

அவர் இருபது நிமிடம் முன்னதாகவே வந்துவிட்டார். பழைய ரிப்போர்ட்களை அடுக்கி, கோப்பில் போட்டுக் கொண்டுவந்திருந்தார். அவ்வளவு பொறுப்பானவர். நான் வழக்கம்போலக் கேட்டேன்: "மருந்தெல்லாம் நிறுத்திட்டீங்களாம்மா?"

"ஒரு வாரமா எதுவும் தொடலை சிஸ்டர்."

சரி என்று குறித்துக்கொண்டு கையைத் துடைத்தேன். இந்தக் கேள்வியை அதற்குமுன் நூற்றுக்கணக்கானவர்களிடம் கேட்டிருக்கிறேன். ஆமாம் என்ற பதிலைத் தவிர வேறு எதையும் வரவழைக்காத கேள்வி அது என்று எனக்கு அதுவரை உறைக்கவில்லை.

சொட்டுகளை வைத்துக் குத்தி முடித்தேன். காத்திருக்கும்போது பூனையைப் பற்றிப் பேசினோம். அவர் சிரித்தார். சிரிப்பின் முடிவில் ஒரு சின்ன விசில் சத்தம். தொடர்ந்து நாலைந்து இருமல். ஆஸ்துமா உள்ளவர்களோடு பழகியவர்களுக்கு அந்தச் சத்தம் தெரியும். இழுப்பு. சோதனை தொடங்கும் முன்பே மூச்சின் வேகத்தை அளந்திருக்க வேண்டும். ஆஸ்துமா கட்டுப்பாட்டில் இல்லாதபோது தோல் சோதனையை ஒத்திவைப்பதே முறை. அரிதாக உடல் முழுக்க எதிர்வினை வந்தால், ஏற்கெனவே இறுகிய மூச்சுக்குழாயோடு அதைச் சமாளிப்பது கடினம். நான் அளக்கவில்லை. "கட்டுப்பாட்டில் உள்ளது" என்று கோப்பில் இருந்ததை நம்பிவிட்டேன்.

மூச்சின் வேகத்தை அளக்கும் பீக் ஃப்ளோ மீட்டரை ஊதச் சொன்னோம். மூன்று முறை ஊதியதில் அதிகபட்சம் 290. அவருடைய வழக்கமான சிறந்த அளவு 410 என்று அவர் கொண்டுவந்த கோப்பிலேயே இருந்தது. ஏறக்குறைய 70 சதவீதம். மருத்துவர் வந்து பார்த்தார். ஸ்பேசர் குழாய் வைத்து, மூச்சுக்குழாயைத் தளர்த்தும் சால்புடமால் கொடுத்தோம். 20 நிமிடத்தில் 370 வந்தது. அப்புறம்தான் மருத்துவர் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்து, "போன திங்கள்கிழமையிலிருந்து என்ன நடந்ததுன்னு ஒவ்வொரு நாளா சொல்லுங்க" என்றார்.

அவர் சொன்னது இது. தாளைப் படித்தார். ஒவ்வாமைக்கான மருந்து என்றதும் அவருக்கு முதலில் நினைவுக்கு வந்தது இன்ஹேலர். "இது அலர்ஜி ஆஸ்துமா, அதுக்குத்தான் இந்த இன்ஹேலர்" என்று குடும்ப மருத்துவர் பலமுறை விளக்கியிருக்கிறார். ஆகவே ஏழு நாள் முன்பே, சொன்ன தேதியில், இன்ஹேலரை நிறுத்திவிட்டார். நாலாம் நாள் ராத்திரி இருமல் தொடங்கியது. ஐந்தாம் நாள் தூக்கமே இல்லை. வீட்டில் இருந்த இருமல் சிரப்பை இரண்டு மூடி குடித்தார். ஆறாம் நாள் ராத்திரியும் குடித்தார். மறுநாள் காலை எங்களிடம் வந்தார்.

சிரப் பாட்டிலைப் படம் எடுத்து அனுப்பும்படி வீட்டுக்கு போன் செய்யச் சொன்னோம். மகள் அனுப்பினாள். முன்பக்கம் பெரிய எழுத்தில் பெயர், தேன் நிறப் படம். போனில் விரலால் பெரிதாக்கிப் பின்பக்க லேபிளைப் படித்தோம். மூன்றாவது வரியில் இருந்தது: குளோர்பெனிரமின் மலியேட். பழைய, தூக்கம் வரவைக்கும் ஆன்டிஹிஸ்டமின். எங்கள் பொடி எழுத்துப் பட்டியலிலும் அது இருந்தது. ஆனால் சிரப்பின் பெயரை மட்டுமே அறிந்த ஒருவர் அதை எங்கே போய்த் தேடுவார்?

நிறுத்தக் கூடாததை நிறுத்தினார், எங்கள் தாள் சொன்னதால். அதனால் இருமல் வந்தது. இருமல் வந்ததால் நிறுத்த வேண்டியதைக் குடித்தார். சோதனையைக் கெடுத்த மருந்தை அவர் கையில் எடுத்துக் கொடுத்தது எங்கள் வாக்கியம்தான். இதை எழுதும்போதும் எனக்கு மனசு கனக்கிறது. இழுப்போடு மூன்று ராத்திரி உட்கார்ந்திருந்தவர் எங்கள் மேல் ஒரு சுடுசொல் சொல்லவில்லை.

இன்னும் ஒன்று இருந்தது. மருத்துவர் எழுந்திருக்கும் முன், "ராத்திரி படுக்கும்போது வேற ஏதாவது போடுவீங்களா?" என்று கேட்டார்.

"தலைவலி மாத்திரை ஒண்ணு சார். சின்னது. அது மூணு வருஷமா போடறேன், அது மருந்துன்னு சொல்ல முடியாது."

அமிட்ரிப்டிலின், 10 மில்லிகிராம். மனச்சோர்வுக்கென்று வந்த மருந்து. ஒற்றைத் தலைவலி வராமல் தடுக்கக் குறைந்த அளவில் கொடுப்பார்கள். ஹிஸ்டமின் ஏற்பியை அடைப்பதிலும் அது வலுவானது. தோல் தடிப்பை அடக்கிவைக்கும். டாக்செபின், மிர்டசபின் ஆகியவற்றுக்கும் இந்தக் குணம் உண்டு. சிரப்பையே அவர் குடிக்காமல் இருந்திருந்தாலும் அந்தச் சின்ன மாத்திரை சோதனையைக் கெடுத்திருக்கலாம்.

மருந்து என்ற சொல்

அவர் பொய் சொல்லவில்லை. "எதுவும் தொடலை" என்றது அவரைப் பொறுத்தவரை உண்மை. பேச்சில் மருந்து என்றால் நோய்க்கு மருத்துவர் எழுதிக் கொடுப்பது. அதுவும் எந்த நோய்க்காக வந்தோமோ அந்த நோய்க்கு. தலைவலிக்குப் போடுவது "மாத்திரை". இருமலுக்குக் குடிப்பது "சிரப்". மூக்கில் அடிப்பது "ஸ்பிரே". கண்ணில் விடுவது "சொட்டு". முடி கொட்டுவதற்குச் சாப்பிடுவது "சத்து மாத்திரை". மூலிகைப் பொடியோ உணவுக் கணக்கு. மக்கள் மருந்தை அறிவது அது எதற்கு என்பதாலும், எந்த நிறம், எந்த வேளை என்பதாலும்தான். நாங்கள் அறிவது அது எந்த ஏற்பியை அடைக்கிறது என்பதால். நோயாளி எங்கள் மொழிக்கு வர வேண்டும் என்று இரண்டு பக்கத் தாளில் எதிர்பார்த்தோம்.

இது எங்கள் துறைக்கு மட்டும் உரியதில்லை. தலைமுடிக்கும் நகத்துக்கும் சாப்பிடும் பயோட்டின் என்ற வைட்டமின் சில ரத்தச் சோதனைகளைத் திரித்துக் காட்டும் என்று அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2017-இல் எச்சரித்தது. அங்கேயும் "மருந்து ஏதாவது எடுக்கிறீர்களா?" என்று கேட்டால் இல்லை என்றுதான் பதில் வரும். கேட்டவர் மேல்தான் குறை.

எங்கள் தாளில் மிகப் பெரிய பிழை எது என்று கேட்டால், நிறுத்த வேண்டியதைத் தெளிவாகச் சொல்லாததைவிட, நிறுத்தக் கூடாததைச் சொல்லவே இல்லாததுதான் என்பேன். நிறுத்த வேண்டியதை ஒருவர் நிறுத்தாமல் வந்தால் ஒரு நாள் வீணாகும். நிறுத்தக் கூடாததை நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து. ஆஸ்துமா இன்ஹேலர் தோல் சோதனையைப் பாதிக்காது, நிறுத்தவே கூடாது. மூக்கில் அடிக்கும் ஸ்டீராய்டு ஸ்பிரேயும் மான்டெலூகாஸ்ட் மாத்திரையும் அப்படித்தான். ஆனால் அசெலாஸ்டின் ஸ்பிரே ஆன்டிஹிஸ்டமின். அதை நிறுத்த வேண்டும். இரண்டும் "மூக்கு ஸ்பிரே"தான், பார்க்க ஒரே மாதிரி. ஸ்டீராய்டு களிம்பைச் சோதனை செய்யும் இடத்தில் பூசியிருந்தால் தடிப்பு குறையும். காலில் பூசியிருந்தால் கவலையில்லை. அமிட்ரிப்டிலின் போன்றதை எழுதிக்கொடுத்த மருத்துவரைக் கேட்காமல் யாரும் நிறுத்தக் கூடாது, அதற்குத் தோல் சோதனை ஒரு காரணமே ஆகாது.

ரத்த அழுத்தத்துக்கும் இதயத்துக்கும் கொடுக்கும் பீட்டா பிளாக்கர் வேறு கதை. அது சோதனையைக் கெடுக்காது. ஆனால் கடும் எதிர்வினை வந்து எபினெஃப்ரின் ஊசி போட வேண்டி வந்தால், ஊசி முழு வேகத்தில் வேலை செய்யாமல் அது தடுக்கும். அதனால் எங்களுக்கு முன்கூட்டியே தெரிய வேண்டும். தெரிந்தபின் என்ன செய்வது என்று மருத்துவர் முடிவெடுப்பார். நோயாளி தானாகத் திடீரென்று நிறுத்தினால் இதயத்துக்குக் கெடுதல். சொல்ல வேண்டியது, ஆனால் நிறுத்தக் கூடாதது என்று ஒரு மூன்றாம் வகை இருப்பதே எங்கள் பழைய தாளில் இல்லை.

விதிமுறையின் பங்கு

அன்று மாலை ரிசப்ஷன் கணினியில் அவர் பெயருக்கு நேரே "வரவில்லை" என்று விழுந்திருந்தது. இருபது நிமிடம் முன்னதாக வந்து, இரண்டு மணி நேரம் எங்கள் அறையில் உட்கார்ந்திருந்தவர். கணினியில் இருந்தது மூன்றே தேர்வு: வந்தார், வரவில்லை, ரத்து செய்தார். சோதனை நடக்கவில்லை என்றால் வரவில்லை என்று குறிப்பதுதான் விதி.

அந்த விதியை நான் குறை சொல்ல வரவில்லை. ஒரு சோதனைக்கு 90 நிமிடம் ஒதுக்குகிறோம். சொல்லாமல் கொள்ளாமல் ஒருவர் வராமல் போனால், வாரக்கணக்கில் காத்திருக்கும் இன்னொருவரின் இடம் காற்றில் போகிறது. 48 மணி நேரத்துக்கு முன் சொன்னால் அந்த இடத்தை இன்னொருவருக்குக் கொடுக்க முடிகிறது. தாமதமாக வருபவரைத் திருப்பி அனுப்புவதும் கோபத்தால் இல்லை. சோதனைக்குப் பின் கண்காணிப்பில் வைக்க வேண்டிய நேரத்தைச் சுருக்க முடியாது.

ஆனால் தயாராகாமல் வந்தவரையும் வராதவரையும் ஒரே தட்டில் வைத்தது தவறு. அதன் விளைவு எங்களுக்கு எதிராகவே திரும்பியது. முதல் பக்கம் முழுக்க அபராதத் தொனியில் எழுதிவிட்டு, வாசலில் நின்று "நிறுத்திட்டீங்களா?" என்று கேட்டால், முந்தாநாள் ஒரு சளி மாத்திரை போட்டது நினைவிருக்கிறவர்கூட ஆமாம் என்றுதான் சொல்வார். திருப்பி அனுப்பிவிடுவார்களே, பெயருக்கு எதிரே கோடு விழுமே என்ற பயம். ஹிஸ்டமின் சொட்டு அதைப் பிடிக்கும்; ஆனால் மருந்தின் வேகம் பாதி இறங்கிய நிலையில் ஹிஸ்டமின் கொஞ்சம் தடித்து, பூனைச் சொட்டு தடிக்காமல் போனால்? அந்த இடைநிலைதான் எனக்கு மிகவும் பயம். நோயாளி பயமில்லாமல் உண்மையைச் சொல்வது எங்களுக்குச் சோதனைக் கருவி மாதிரி. விதியை எழுதும்போது அந்தக் கருவியை நாங்களே உடைத்து வைத்திருந்தோம்.

அந்த நாள் உண்மையில் வீணாகவும் இல்லை. மருத்துவர் ஐம்பது நிமிடம் விசாரித்தார். இழுப்பைச் சரி செய்தோம், இன்ஹேலரை அன்றே மறுபடி தொடங்கினார். கிளம்பும் முன் ரத்தம் எடுத்தோம். ஐஜிஇ அளவைப் பார்க்கும் ரத்தச் சோதனையை ஆன்டிஹிஸ்டமின் பாதிக்காது. தோல் சோதனைக்கு வந்து அது முடியாமல் போகும் எல்லோருக்கும் இந்த வழி உண்டு. உடம்பு முழுக்கத் தடிப்பு வருவதால் ஒரு நாள்கூட மாத்திரையை விட முடியாதவர்களும் பல்லைக் கடித்துக்கொண்டு ஒரு வாரம் தாங்க வேண்டியதில்லை. போன் செய்து சொன்னால் போதும்.

மாற்றியவை

கணினியில் நான்காவது தேர்வு ஒன்று சேர்த்தோம்: வந்தார், சோதனை வேறு நாளில். கணக்கில் கோடு விழாது. இதை ஒப்புக்கொள்ள வைக்க மூன்று கூட்டம் ஆனது.

தாளைப் புரட்டிப் போட்டோம். முதலில் "நிறுத்தவே கூடாதவை". அப்புறம் "எங்களிடம் சொல்லுங்கள், நீங்களாக நிறுத்தாதீர்கள்". கடைசியில் "நிறுத்த வேண்டியவை", அதுவும் எதற்காகச் சாப்பிடுவது என்ற வரிசையில்: தும்மலுக்கு, அரிப்புக்கு, சளிக்கு, இருமலுக்கு, பயணத்தில் வாந்தி வராமலிருக்க, ராத்திரி தூக்கம் வர. கடைசி இரண்டையும் பார்த்துப் பலர் ஆச்சரியப்படுகிறார்கள். மருந்துச் சீட்டில்லாமல் வாங்கும் தூக்க மாத்திரைகளிலும் பயண மாத்திரைகளிலும் பெரும்பாலும் இருப்பது பழைய ஆன்டிஹிஸ்டமின்தான். விதிமுறைகள் இரண்டாம் பக்கத்துக்குப் போயின.

எல்லாவற்றையும்விடப் பலன் தந்தது ஒரு போன். சோதனைக்கு பத்து நாள் முன்பு நான் அழைக்கிறேன். ஏழாம் நாள் நிறுத்த வேண்டுமென்றால் ஏழாம் நாள் அழைத்துப் பயனில்லை. எழுதிக் கொடுத்த மருத்துவரைக் கேட்க நோயாளிக்கு நேரம் வேண்டும். "மருந்து எடுக்கறீங்களா?" என்று கேட்பதை விட்டுவிட்டேன். "காலையில எழுந்ததுலேருந்து ராத்திரி படுக்கற வரைக்கும் நேத்து என்னென்ன விழுங்கினீங்க, பூசினீங்க, மூக்குல அடிச்சீங்க, கண்ணுல விட்டீங்க, சொல்லுங்க" என்கிறேன். நேற்றைய நாளை அவர்கள் நடந்து காட்டுகிறார்கள். நான் கூடவே எழுதிக்கொள்கிறேன்.

முடிவில் இன்னொரு கேள்வி. "சரி, சோதனைக்கு முந்தின ராத்திரி இருமல் வந்து தூங்க முடியலைன்னா என்ன பண்ணுவீங்க?" இந்தக் கேள்வியை அந்தப் பெண்ணிடமிருந்துதான் கற்றேன். பதில் சொல்லும்போதே அவர்களுக்குப் புரிந்ததா என்று எனக்குத் தெரிந்துவிடும். மருத்துவர் சொல்வதில் 40 முதல் 80 சதவீதம் உடனே மறந்துவிடுகிறது என்று ராய் கெசல்ஸ் 2003-இல் எழுதிய கட்டுரை எங்கள் துறையில் அடிக்கடி மேற்கோள் காட்டப்படுவது. அதைப் படித்திருந்தும், தாளைக் கொடுத்தால் கடமை முடிந்தது என்று பல வருடம் இருந்திருக்கிறோம்.

பையில் போட்டு எடுத்துவரச் சொல்கிறோம், எல்லாவற்றையும். பாட்டில், அட்டை, களிம்பு, சத்துப் பொடி, பாதி தீர்ந்த சிரப். பெயர் சொல்லத் தெரிய வேண்டாம், பை போதும். தடிப்போ வீக்கமோ வந்து வந்து போகிறதென்றால் வந்தபோதே போனில் படம் எடுத்து வைக்கச் சொல்கிறோம். எங்களிடம் வரும் நாளில் தோல் சுத்தமாக இருக்கும், சொல்லிப் புரியவைப்பது பாடு. கையில் அன்று கிரீம் வேண்டாம், சொட்டு ஓடிவிடும். தளர்ந்த கைச்சட்டை போடுங்கள். பட்டினி கிடக்க வேண்டாம். ரத்தச் சோதனை என்றாலே வெறும் வயிறு என்று நினைத்து மயக்கத்தோடு வருபவர்கள் உண்டு. கர்ப்பமாக இருந்தால், அல்லது கடந்த சில வாரங்களில் கடும் ஒவ்வாமை வந்து ஊசி போட்டிருந்தால், நாள் குறிக்கும்போதே சொல்ல வேண்டும். கடும் எதிர்வினைக்குப் பின் நாலு முதல் ஆறு வாரம் தோல் சோர்ந்து கிடக்கும், சோதனை பொய் சொல்லும்.

இன்னொரு குழப்பம்: "தோல் சோதனை" என்றால் முதுகில் பட்டை ஒட்டி 48 மணி நேரம் நனைக்காமல் வைத்திருப்பதும் அதே பெயரில் போகிறது. அது ஒரு பொருளைத் தொடுவதால் வரும் தோல் படைக்கு. பலமுறை வர வேண்டியிருக்கும், தயாரிப்பும் வேறு. எது உங்களுக்கு என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

இரண்டாவது வருகை

ரத்த முடிவு வந்தது. தூசி உண்ணிக்கு ஐஜிஇ தெளிவாக அதிகம். பூனைக்கு 0.4, வழக்கமான எல்லை 0.35. அவர் கேட்டு வந்த ஒரே கேள்விக்கு ரத்தம் இரண்டும் கெட்டான் பதிலைக் கொடுத்தது. அதனால்தான் மறுபடி தோல் சோதனை.

தலைவலி மாத்திரையை எழுதிக் கொடுத்தவருக்கு எங்கள் மருத்துவர் கடிதம் எழுதினார். அவர் ஒப்புக்கொண்டு இரண்டு வாரம் நிறுத்தச் சொன்னார். இடையில் தலைவலி வந்தால் பாரசிட்டமால் போடலாம், அது சோதனையைப் பாதிக்காது. பத்து நாள் முன்பு நான் அழைத்தபோது, "சிஸ்டர், இன்ஹேலர் ரெண்டு வேளையும் எடுக்கறேன்" என்று நான் கேட்கும் முன்பே சொன்னார்.

ஐந்து வாரம் கழித்து ஒரு துணிப்பையோடு வந்தார். முதலில் ஊதச் சொன்னேன்: 400. அதற்குப் பிறகுதான் கையைத் துடைத்தேன். சொட்டு வைத்துக் குத்தினேன். எட்டாவது நிமிடமே ஹிஸ்டமின் இடம் வெளுத்து எழும்பத் தொடங்கியது. "அரிக்குது சிஸ்டர்" என்றார். சொறியாதீர்கள் என்று அவருடைய மறு கையைப் பிடித்துக்கொண்டேன். எங்கள் இருவருக்கும் அந்த அரிப்பு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. பதினைந்தாம் நிமிடம் அளந்தேன். ஹிஸ்டமின் 6 மில்லிமீட்டர். உப்புநீர் வைத்த இடத்தில் தடிப்பு இல்லை. தூசி உண்ணி 9. பூனை 1.

மருத்துவர் எண்களோடு நிற்கவில்லை. பூனை மடியில் ஏறும்போது தும்மல் கூடுகிறதா? இல்லை. பூனை இல்லாத இடத்தில் இரண்டு வாரம் தங்கியபோது குறைந்ததா? அங்கேயும் காலையில் அதே தும்மல். படுக்கையை உதறினால்? உடனே. "பூனை இருக்கட்டும்" என்றார். படுக்கைக்கும் தலையணைக்கும் உண்ணி புகாத உறை போடச் சொன்னார், விரிப்புகளை வாரம் ஒருமுறை 60 டிகிரி வெந்நீரில் துவைக்கச் சொன்னார், ஆறு மாதம் கழித்து மறுபடி பார்ப்பதாகச் சொன்னார். அந்தப் பெண் போனை எடுத்து மகளை அழைத்தபடியே வெளியே போனார்.

துணிப்பையை மேசையில் மறந்துவிட்டுப் போயிருந்தார். பின்னாலேயே எடுத்துக்கொண்டு ஓடும்போது உள்ளே பார்த்தேன். இன்ஹேலர், பாரசிட்டமால் அட்டை, களிம்பு, வைட்டமின் டப்பா. அடியில் அந்த இருமல் சிரப், லேபிளின் மூன்றாவது வரியைப் பேனாவால் வட்டமிட்டு.